மதர் அகத்தாவின் குரல்

1979 ஆகஸ்ட் 9
கன்வென்டிலிருந்து டேப்பை நான் திருடி வந்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். திருடவில்லை. மதர் அகத்தா காலமாவதற்கு முன் தாமே என் கையில் கொடுத்தார்கள்.

அதில் இரண்டு வயலின் கன்செர்ட்டோக்கள். ஒரு வயலின் முன்னே போகும், மற்ற வாத்தியங்கள் அதோடு பேசும். இரண்டையும் எழுதியவர் மதர். ஐம்பத்தெட்டில் பழைய மாணவிகள் கூடி வாசித்தோம், அப்போது பதிந்த டேப் இது. இப்போது கன்வென்டின் நூற்றாண்டு விழாவுக்கு அவற்றை இசைத்தட்டாகப் போடுகிறார்களாம். உறையில், இயற்றியவர் ஃபாதர் லாம்பர்ட்! அவர் கோல் ஆட்டி நடத்தினார், அவ்வளவுதான். கன்னியர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் கால வழக்கம். அதனால் இசை எழுதிய ஏட்டில் மதரின் பெயர் இல்லை. ஆனால் டேப்பில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர்களே சொல்கிறார்கள், இது நான் எழுதியது என்று.

கேசட்டில் அனுப்பினால் கேட்டுப் பார்ப்பதாகக் கன்வென்டின் தலைவி சுப்பீரியர் எழுதியிருக்கிறார். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 12
ஆடித் தபசுத் திருவிழா முடிந்து இன்றுதான் மைக் செட் பெத்துராஜ் அகப்பட்டான். டேப் சுற்றிய ஸ்பூலைக் கேசட்டுக்கு மாற்றக் கொடுத்தேன். கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சுதிதாம்மா. ஆனா எப்பப் பாட ஆரம்பிப்பாவ?" என்றான்.

ஆகஸ்ட் 16
குரல் இல்லை. போட்டதும் வயலின். திருப்பிப் போட்டேன், அங்கேயும் வயலின்தான். கடைக்குப் போனேன்.

"பேச்சு யாருக்கும்மா வேணும்? ரிக்கார்டு போட்டா சனங்க பாட்டுதான கேக்காவ. ரெண்டு எடத்துல ஒரு வெள்ளக்காரம்மா என்னமோ பேசுனாவ. வெட்டி ஒட்டிட்டேன். ஒட்டுனது தெரியுதா, சொல்லுங்க?"

"ஒரிஜினல்ல எதுக்குலே கை வச்சே? வெட்டுன துண்டு எங்க?"

"அது அன்னைக்கே குப்பையில போயிட்டும்மா."

எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்து நிற்கிறான். பாவி, பாவி.

ஆகஸ்ட் 17
எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 20
சுப்பீரியரிடம் என்ன சொல்வது? மைக் செட்காரன் வெட்டிவிட்டான் என்றா? திருடியது போதாதென்று பொய்யும் சொல்கிறாள் என்பார்கள்.

அன்று வாசித்தவர்களில் மிச்சம் நானும் ஞானபூரணமும்தான். அவளா! தனி வயலினை மதர் எனக்குத் தராமல் அவளுக்குக் கொடுத்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. இங்கே இருக்கிற வாசுதேவநல்லூரில்தான் இருக்கிறாள். அவள் வாசலில் போய் நிற்பதா? மாட்டேன்.

ஆகஸ்ட் 23
இரண்டாவது கன்செர்ட்டோவின் மெதுவான பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் வாசிப்பில் குறை தேடித்தான் கேட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு அந்த இடம் இப்படி வந்திருக்குமா?

வந்திருக்காது.

ஆகஸ்ட் 24
இன்று தபாலில் சேர்த்தது:

"பூரணம், சுகமா? இத்துடன் வரும் கேசட்டில் இருப்பது உன் வாசிப்பு. நன்றாக இருக்கிறது. மதரின் குரல் மட்டும் அழிந்துபோயிற்று. இரண்டையும் எழுதியவர் மதர்தான் என்று நான் ஒருத்தி சொன்னால் நம்பமாட்டார்கள். நீ வயலின் வில்லை எடுக்குமுன் மதர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நீ. அதை உன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. ஆள் மூலம் சொல்லிவிட வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்."