உங்கள் பெயரில் நான் சொன்ன கடல்

இஞ்சாருங்கோ,

உங்கள் அலுமாரியை இன்றைக்குத்தான் திறந்தேன். அந்தக் காக்கிக் காற்சட்டையை எடுத்து உதறியதும் கால் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பிடி மணல் சிமெந்து நிலத்தில் கொட்டியது. அந்தக் காற்சட்டையோடு நான் பட்ட பாடு கொஞ்சமா? தோய்த்துத் தோய்த்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம். மணலைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. உங்களில் இல்லை, என்னில்தான். உங்களிடம் சொல்ல ஏலாமல் போன ஒரு காரியம் இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை பார்க்கிற மனிசனுக்குக் கடலோடு என்ன கொண்டாட்டம் என்று கலியாணம் முடித்த புதிதில் யோசித்திருக்கிறேன். விடிய எழும்பி, கிணற்றடியில் கிடக்கிற தேங்காய் உரித்த பொச்சு ஒன்றை சைக்கிள் கரியரில் செருகிக்கொண்டு அன்புவழிபுரத்திலிருந்து உப்புவெளிக் கடற்கரைக்குப் பறப்பீர்கள். பொச்சை அலைக்குள் எறிந்துவிட்டு, அது கரைக்குத் திரும்புகிறதா, வெளியே இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்களாம். வந்து குசினி வாசலில் நின்றுதான் சொல்லுவீர்கள், இன்றைக்கு வாடைக் காற்று தணிந்துவிட்டது, குளிக்கலாம் என்று, அல்லது இன்றைக்கு ஏலாது என்று. எனக்கு அடுப்பில் புட்டு. ஓம், ஓம் என்பேன். ஒரு சொல்லும் காதில் ஏறாது.

ஆனால் ஊர் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், லிங்கநகர் ஆட்கள்கூட, எங்கள் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தி, ஐயா என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கடலுக்குப் பொச்சுக் குடுக்கிற மனிசன் என்று பகிடி பண்ணினவர்களும் கேட்டார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. உங்களுக்கு ஒருநாளும் அதைக் காட்டவில்லை, தலைக்கு ஏறிவிடும் என்று.

அது கோதுமை மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்ற வருசம். மாசி மாதம், வாடை அடங்கியும் அடங்காமலும் இருந்த நாள்கள். நீங்கள் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தீர்கள். நான் விடியற்புறமே வரிசைக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து எரிந்துகொண்டு நின்ற நேரம், மூலை வீட்டுப் பரமேஸின் தம்பி படலைக்கு வந்தான். கண்டியில் வேலை, லீவில் வந்தவன். கலியாணமும் பேசி முடித்திருந்தார்கள். கூட இரண்டு சிநேகிதர். கடல் எப்படி என்று அண்ணையைக் கேட்டுச் சொல்லச் சொன்னான்.

உள்ளே வந்தேன். நீங்கள் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. மூன்று நாளாகக் கடலைப் பார்க்காத மனிசன் எழும்பி என்னத்தைச் சொல்லப்போகிறார் என்றும் ஒரு நினைப்பு. திரும்பிப் போய்ச் சொன்னேன்:

"குளிக்கலாமாம். அலை அடிக்காத இடமாப் பார்த்து இறங்கச் சொல்றார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? முழங்காலுக்கு மேலே கடல் தண்ணீர் பட்டறியாதவள் நான். அலை அடிக்காத இடத்தில் பயமில்லை என்று என் குசினிப் புத்தி சொன்னது. அதற்கு உங்கள் பெயரை ஒட்டிவிட்டேன்.

பத்து மணிக்குள் செய்தி வந்தது. சிநேகிதர் இரண்டு பேரும் தப்பிவிட்டார்கள். அவனைப் பின்னேரம் சல்லி ஊர்த் தோணிக்காரர்தான் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

படலையில் நான் சொன்னது என்னவென்று சனம் அதற்குள் உங்கள் காதில் போட்டிருந்தது. காய்ச்சலோடு எழும்பிச் செத்தவீட்டுக்கு வந்தீர்கள். அவன் தமக்கை பரமேஸ் தலைவிரிகோலமாக முற்றத்துக்கு வந்து ஒன்றுதான் கேட்டா. "அண்ணை, நீங்களோ சொன்னனீங்கள்?"

நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை. நான்தான் சொன்னனான்."

அந்த இடத்தில் நான் முன்னுக்கு வந்திருக்க வேண்டும். கால் எழும்பவில்லை, நா எழும்பவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் படலையில் ஒரு சைக்கிளும் நிற்கவில்லை. கடலுக்குப் போகிற சனம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனது. நீங்களோ ஒரு நாளும் விடாமல் விடிய எழும்பிப் போனீர்கள். வந்து குசினி வாசலில் நின்று கடலைப் பற்றி எனக்கு மட்டும் சொன்னீர்கள். இப்போது ஒரு சொல் விடாமல் கேட்டேன். கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தச் சித்திரையில் ஒருநாள் பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவ்வளவு பெரிய கரையில் ஐந்தாறு பேர்தான் நின்றார்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு ஒழுங்கைப் பாதை அளவுக்குக் கடல் கறுத்துப்போய்ச் சத்தமில்லாமல் கிடந்தது. நீங்கள் பொச்சை அதற்குள் எறிந்தீர்கள். ஆரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி அது நேரே வெளியே போனது.

"கரைக்கு வந்த தண்ணி இதாலைதான் திரும்பிப் போகுது. சனம் அலையில்லை எண்டு இதுக்கைதான் இறங்கும். நீர் தெரியாமல் சொன்னீர்."

நீங்கள் என்னை ஏசியிருக்கலாம். இரண்டு அடி அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். திரும்பி வரும்போது, இரவைக்கு என்ன கறி என்று கேட்டீர்கள்.

ஏழு வருசம் அப்படியே போனது. போன ஐப்பசியில் நெஞ்சுக்குள் நோகிறது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுதலே எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பரமேஸ் வந்தா. தம்பி செத்த பிறகு எங்கள் படலை தாண்டினது அன்றைக்குத்தான். இலையில் இருந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தா.

"அக்கா, எனக்கு இனி அவரிலை ஒரு கோபமும் இல்லை. காய்ச்சல்காரன், வாய் தவறியிருக்கும். உயிரோடை இருக்கேக்கை சொல்லாமல் விட்டிட்டன்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறந்தால் உங்கள் பெயரில் பட்ட கறை போய்விடும். நான் "ஓம்" என்றேன்.

நீங்கள் படுக்கையில் கிடக்க உங்கள் பெயரில் ஒரு பொய் சொன்னேன். போய் முப்பத்தொரு நாளில் இன்னொன்று. முதல் பொய்யை நீங்கள் சுமந்தீர்கள். இதைச் சுமக்க என்னை விட்டால் ஆளில்லை.

பரமேஸின் வீட்டுக்கு இங்கிருந்து என்ன, கூப்பிடு தூரம். சொல்லிவிடுவதென்று நேற்றும் போனேன். வாசலில் நின்று, முருங்கையிலை இருக்குமோ என்று கேட்டேன். நிறைய ஒடித்துத் தந்து, தனிய இருக்கிறீங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ அக்கா என்று சொல்லி, படலை மட்டும் வந்து அனுப்பினா.