வாசல் கேட்டின் துரு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம்ப்பா. பட்டறையில வெல்டிங் புகையோட மல்லுக்கட்டற உங்களுக்கு இருமல் இப்ப எப்படியிருக்கு? நான் சௌக்கியம்.

எங்க லேப்ல, சேத்துலருந்து எடுத்த நுண்ணுயிருங்களைக் காத்துப் புகாத பாட்டில்ல வளர்க்கறோம். அதுங்களுக்குச் சாப்பாடு மீத்தேன் வாயு. மூச்சுக்கு ஆக்சிஜனே வேண்டாமாம். நீங்க ஆயுசு பூரா சுரண்டித் தள்ளுற துருவே போதுமாம்! கில்லாடிங்கப்பா!

போன வாரம் ஒரு மூடி லேசா கசிஞ்சு, அதுங்களுக்கு விஷமான காத்து பட்டு அத்தனையும் செத்துப்போச்சு. பெரிசா ஒண்ணுமில்ல, மறுபடி வளர்க்கணும். என்ன, அதுங்க பெருக மாசக்கணக்காகும். அதனால இந்த வருஷம் லீவு இல்ல.

ஒரு சின்ன உதவி. நம்ம வாசல் கேட்டுல துரு ஏறினா ஏறட்டும், சுரண்டிடாதீங்க. நான் வந்து தள்ளும்போது அது பழையபடி கிறீச்சுனு கத்தணும்.

பாட்டிலைப் பாக்கணும், வர்றேன்ப்பா.

உங்க மக