பூண்டு சூப்பும் ஒரு புரட்டாசியும்

நாம்சே, நேப்பாளம்
3 அக்டோபர் 2024

ஷாமினி அப்பாவுக்கு,

தனலெட்சுமி எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் கோபமும் நலமாகத்தான் இருக்கும், அதற்கென்ன குறை!

"உலகத்துலயே ஒசரமான அந்த மலையடிவாரத்துக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றீர்கள். படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து, நம் மகள் போனுக்கு அனுப்புகிறேன். அவள் கொண்டுவந்து காட்டுவாள். மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளாமல் படியுங்கள்.

கூட வந்த நபீஸாவும் திலகா டீச்சரும் சுகம். நபீஸா இங்கேயும் கடைக்கார அம்மாதான். தேத்தண்ணியில் சீனி பத்தவில்லை என்று நேற்று ஒரு சண்டை. வாராவாரம் பயிற்சிக்கு நம் பக்கத்து அங்சி மலையில் மூச்சு வாங்க ஏறினோமே, அதெல்லாம் இங்கே வாசப்படி லா. ஆனாலும் எஸ்டேட் நாற்றுப் பண்ணையில் குனிந்து நிமிர்ந்த இடுப்பு, தாங்குகிறது.

சாப்பாடுதான் வம்பு. எங்கள் வழிகாட்டி பாஸாங் வேளாவேளைக்குப் பூண்டு சூப்பை நீட்டுகிறார். உயரத்தில் தலைசுற்றல் வராமலிருக்க இங்கே அதுதான் கைமருந்தாம். புரட்டாசியில் நான் பூண்டு, வெங்காயம் தொடுவேனா? வெறும் சோறும் அவித்த உருளைக்கிழங்கும்தான். விரதம் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

மாத்திரையை மறக்காதீர்கள். சித்திக் பாய் கடையில் பொரித்த மீனைக் கொஞ்சம் குறையுங்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கடைக்காரர் பெண்டாட்டி என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள்.

பேசாதவரின் மனைவி,
தனம்

கோலா கிளாவாங்
4 அக்டோபர்

தனம்,

ஷாமினி தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதினால்தான் சோறாம். உன் மகள்தானே, வேறெப்படி இருப்பாள்.

இத்தனை வருஷம் லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு இந்த ஜெலபு மலை வளைவில் ஓட்டியவன் நான். மலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உன் வயதில் மற்றவர்கள் பேரப்பிள்ளை கொஞ்சுகிறார்கள். நீ பனிமலையில் முகாம் போட்டிருக்கிறாய். போகட்டும், நான் என்ன சொன்னாலும் உன் காதில் ஏறப்போகிறதா?

கோழிக்குத் தீனி வைத்தேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, மழை. மீன் விஷயம் பொய்.

சொன்ன சொல் சொன்னதுதான். பேசமாட்டேன்.

குணாளன்

டிங்போச்சே
5 அக்டோபர், சனிக்கிழமை

ஷாமினி அப்பா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். பயப்படாதீர்கள் என்று எழுத நினைத்தேன். எனக்கே பயமாக இருக்கிறது.

புரட்டாசிச் சனி அல்லவா, வழக்கம்போல விளக்கேற்றும் வரை தண்ணீர் மட்டும் என்று நடந்தேன். கடைசி ஏற்றத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்துவிட்டேன். நபீஸாதான் மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் தட்டினாள். விரதத்தைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. என்னா ஏச்சு! "அடியே, நானும் நோன்பு வைக்கிறவதான். பயணத்துல, நோயில எங்களுக்கே விட்டுக் கொடுத்திருக்கு. ஒங்க பெருமாள் என்ன அவ்வளவு கல்நெஞ்சா?" என்று கத்துகிறாள், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது.

பாஸாங் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளை முழுக்கச் சாப்பிட்டு, சூப்பு குடித்து, உடம்பு தேறினால் மேலே. இல்லையென்றால் குதிரையில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவாராம். நபீஸாவும் டீச்சரும் நான் இல்லாமல் மேலே போகமாட்டார்களாம்.

நான் எப்படிக் குடிப்பேன்? டாக்டர்கள் உங்கள் நெஞ்சைத் திறந்த அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது. மூன்று புரட்டாசி, கவுச்சி பூண்டு இல்லாமல், சனிதோறும் பட்டினி. இது மூன்றாவது. முடியப்போகிற நேரத்தில் கெடுத்து, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கோப்பையை வாய்க்கிட்டே கொண்டுபோனால் உங்கள் முகம்தான் வருகிறது.

உங்கள் குரலைக் கேட்டால் தேவலை. திட்டினாலும் சரி.

தனம்

கோலா கிளாவாங்
6 அக்டோபர்

தனம், தனம்,

மானமாவது மண்ணாங்கட்டியாவது. உன் தாளைப் பார்த்ததும் ஷாமினி போனைப் பிடுங்கிக் கூப்பிட்டேன். கொர்ருன்னு ஒரு சத்தம், லைன் அறுந்துபோச்சு. திரும்பத் திரும்பப் போட்டேன். எழுதுறதுதான் போய்ச் சேருது, குரல் போகமாட்டேங்குது. ஆக, நான் பேசிட்டேன். உனக்குக் கேக்கலை, அவ்வளவுதான்.

இப்போ நான் சொல்றதைக் கேளு. விடியக்காலையில குளிச்சிட்டு நம்ம எஸ்டேட் கோயிலுக்குப் போனேன். பூசாரி என்னைப் பார்த்து வழி தவறி வந்துட்டேன்னு நினைச்சாரு. பெருமாள் முன்னாடி நின்னு சத்தமாவே சொன்னேன்: "சாமி, நெஞ்சு என்னோடது. அதுக்கு அவ ஏன் பட்டினி கிடக்கணும்? மிச்சப் புரட்டாசி என்னோடது. அவளை விட்டுடு." பூசாரியைக் கேட்டேன், குடும்பத்துல ஒருத்தர் விரதத்தை இன்னொருத்தர் ஏத்துக்கிறது உண்டுன்னு சொல்லி, என் கையில மஞ்சக் கயிறு கட்டி விட்டாரு. ஷாமினி படம் பிடிச்சு இதோட அனுப்புறா, பாரு.

எனக்கு ஒண்ணும் ஆகாது. கிளினிக் மிஸ்ஸி, அந்த நர்ஸம்மாவையும் கேட்டாச்சு. சனிக்கிழமை பாலும் பழமும் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கலாம்னு சொன்னாங்க.

நீ போறேன்னதும் நான் குதிச்சது கோபத்துல இல்லை. நீ திரும்பி வராமப் போயிட்டா நான் என்ன செய்வேன்னு பயம். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியலை, பேசமாட்டேன்னு சொல்லித் தொலைச்சேன்.

சூப்பைக் குடி தனம். அதிகாரம் இல்லை, கெஞ்சிக் கேக்குறேன். குடிச்சிட்டு மேலே போ.

குணாளன்

கோரக்‌ஷெப்
8 அக்டோபர்

என் விரதக்காரருக்கு,

குடித்தேன்! உங்கள் மஞ்சள் கயிற்றுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, இரண்டு கிண்ணம் பூண்டு சூப்பு. அப்புறம் சோறு, பருப்பு, எல்லாம். மறுநாள் காலையில் தலை தெளிந்து, பசி எடுத்து, பாஸாங்கே சிரித்துவிட்டார்.

இன்றைக்குப் போய்ச் சேர்ந்தோம். அடிவார முகாம் என்றால் என்னமோ என்று நினைத்திருந்தேன். கல்லும் பனியும் கொடியும்தான். ஆனால் மூவரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் சேர்ந்து அழுதுவிட்டாள். திலகா டீச்சர் கொண்டுவந்த முறுக்கை அவளுக்கும் கொடுத்தோம். என் நெஞ்சில் இருந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஒன்று சொல்லவேண்டும். சித்திக் பாய் நபீஸாவுக்கு எழுதியிருக்கிறார்: "உன் கூட்டாளி வீட்டுக்காரர் ரெண்டு நாளா வெறும் தேத்தண்ணி குடிச்சிட்டு, மீன் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுட்டுப் போறாரு. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" சிரித்துச் சிரித்து மறுபடியும் மூச்சு முட்டியது.

சனிக்கிழமை காட்மாண்டு ஹோட்டலுக்கு வந்ததும் கூப்பிடுவேன். அங்கே லைன் நன்றாக இருக்குமாம். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம், சொன்ன சொல் இருக்கிறதல்லவா!

பூண்டு வாசத்தோடு,
தனம்

கோலா கிளாவாங்
12 அக்டோபர், சனிக்கிழமை

தனம்,

பசி உயிர் போகுது. பாலும் பழமும் எந்த மூலைக்கு? பக்கத்து வீட்டுல கருவாடு பொரிக்கிறாங்க, பாவிங்க. மூணு வருஷமா நீ இப்படித்தான் கிடந்தியா? என் எதிரே உட்கார்ந்து எனக்கு மீனை முள்ளு எடுத்து வெச்சிட்டு, நீ வெறும் தண்ணி குடிச்சிக்கிட்டு? நான் ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருக்கேனா? கேக்கணும்னு கூடத் தோணலையே எனக்கு. நீ வந்ததும் இதையெல்லாம் எழுதாம, மூஞ்சியைப் பார்த்தே சொல்லணும்னு

இரு, போன் அடிக்குது. ஷாமினி கூடத்திலிருந்து "அம்மா! அம்மா!"ன்னு ஓடி வர்றா. பேனாவைக் கீழே வைக்கிறேன், பேசப்போறேன்.