கொட்டகையை விட்டு வெளியே வராத வண்டி

ஃபியம்பலா, 7 செப்டம்பர் 2011

என் அன்பு மிரா,

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பாஸ்குவால் லாரியிலிருந்து மாவு மூட்டையை இறக்கும்போதே உன்னிடம் அவிழ்த்துவிடுவான். நம் பழைய பிக்கப்பைக் கொட்டகைக்குள் வைத்தே உயர்த்திக் கட்டினேன். ஸ்பிரிங் பட்டை கூட்டியதில் நாலு விரல், பெரிய டயர் போட்டதில் மூன்று விரல், கூரைமேல் மடக்குக் கூடாரம் வைத்ததில் ஒரு முழம். எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்தேன். கொட்டகை வாசலை மட்டும் அளக்கவில்லை. வண்டி வெளியே வரவில்லை.

டயரில் காற்றை இறக்கிப் பார்த்தேன். இரண்டு விரல் கிடைத்தது, வேண்டியது எட்டு. கூடாரத்தைக் கழற்றலாமே என்று கேட்பாய். போல்ட் போட்டால் மலைப்பாதையில் உதறிவிடும் என்று டயர்க்கடை பரோஸ் வெல்டிங் வைத்துவிட்டான். எதிர்வீட்டு அசுன்டா அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள். "ருடெ, இனிமே அது வெளிய வராது. ஒரு பேர் வெச்சு வீட்டுப் பிள்ளையா வளத்துக்கோ" என்றாள். மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுத் தெருவே வந்து நின்றது. நான் முடிவெட்டிவிட்ட தலைகள் அத்தனையும் ஒரே இடத்தில்.

கடைசியில் வாசல் மேல்கட்டையை எடுத்தோம். அந்தக் கட்டைதான் உன் சமையலறைச் சுவரையும் தாங்கிக்கொண்டிருந்தது என்பது எடுத்த பிறகு தெரிந்தது. இப்போது அடுப்படியில் நின்றால் தெரு நன்றாகத் தெரிகிறது. தெருவுக்கும் அடுப்படி தெரிகிறது. நான் முட்டையைக் கருக்குவதை ஊரே பார்க்கிறது.

ஆனால் வண்டி தயாராகிக்கொண்டிருக்கிறது, மிரா. பெலேன் வழியாகப் போகும் சுற்றுப்பாதை பஸ்ஸில் போகிறவர்களுக்கு. நான் மணல்மேடுகளைத் தாண்டி, மேட்டுவெளியைக் குறுக்கே வெட்டி, நேராகப் போசோ பிளாங்கோவில் உன் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்குவேன். நூற்று நாற்பது கிலோமீட்டர்.

மருந்துக்கடை அர்மான்டோ தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறான். யாருக்காக என்பது அவன் மனைவியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

உன் கணவன் (நீ இன்னும் அப்படித்தான் நினைத்தால்),
ருடெசிந்தோ

போசோ பிளாங்கோ, 10 செப்டம்பர்

அன்புள்ள ருடெ,

உன் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். சுவரைத் தார்ப்பாய் போட்டாவது மூடு. மலையிலிருந்து சோண்டா புழுதிக்காற்று அடித்தால் பாத்திரமெல்லாம் மணலாகிவிடும்.

இப்போது சிரிக்காத விஷயம். மார்ச்சில் நான் இந்த வேலையை ஏற்றுக்கொண்டபோது, "அந்த ஊருக்கெல்லாம் மனுஷன் போவானாடி?" என்று கேட்டாய். நான் வந்தேன். ஆறு மாதமாகிறது. நீ ஒரு தடவை கூட வரவில்லை. முதலில் இடுப்பு வலி, அப்புறம் பனி, இப்போது வண்டி.

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. இங்கேயே தொடர்கிறேனா, தொடர்ந்தால் ஒரு வருடமா, மூன்று வருடமா என்று நிரப்பி நவம்பர் 30-க்குள் அனுப்ப வேண்டும். இங்கே பதினோரு பிள்ளைகள், ஒரு போலீஸ்காரர், நிறைய லாமாக்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. உன்னையும் பிடிக்கும், அதுதான் தொந்தரவு. அந்தத் தேதிக்கு முன்னால் வந்து நான் இருக்கும் இடத்தை ஒரு தடவை பார். பார்த்துவிட்டுத் திட்டு, சண்டை போடு, திரும்பி வா என்று கூப்பிடு. பார்க்காமல் ஒன்றும் சொல்லாதே. நீ வராவிட்டால் நானே தனியாக முடிவு செய்துகொள்வேன்.

எடெல்மிரா

ஃபியம்பலா, 5 அக்டோபர்

என் அன்பு மிரா,

நவம்பர் 30 என்பதைக் கடைக் கண்ணாடியில் சோப்பால் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அன்றைக்குக் கடை லீவா என்று கேட்கிறார்கள்.

ஒரு நாவிதன் மலைக்கு வண்டி கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? என் நாற்காலியில் உட்காருகிறவன் ஒவ்வொருவனும் தலைமுடியோடு ஒரு யோசனையையும் விட்டுவிட்டுப் போகிறான். கையில் கத்தி இருக்கிறது என்றாலும் மறுத்துப் பேச முடியவில்லை, அவர்கள்தான் வாடிக்கையாளர்கள். நீதிபதி முன்னால் இரும்புத் தடுப்பு வேண்டும் என்றார். வைத்தேன். பேக்கரிக்காரன், மணலில் மாட்டினால் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள இரும்புக்கயிறு சுற்றிய வின்ச் வேண்டும் என்றான். அதையும் வைத்தேன். கயிற்றின் மறுமுனையைக் கட்ட மரம் வேண்டுமே, மேட்டுவெளியில் மரம் ஏது என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஒரு கம்பத்தையும் எடுத்துட்டுப் போகணும்" என்றான். கம்பமும் ஏறிவிட்டது.

கோர்தொபாவிலிருந்து வந்த மலைவண்டி கிளப் ஆள் ஒருவனுக்குத் தாடி எடுத்துவிட்டேன். எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கூரைவரை உயர்த்தினால்தான் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் புகாது என்றான். பரோஸ் உடனே பொருத்திவிட்டான். நம் ஊரில் கடைசியாக மழை பெய்தது ஜனவரியில், பதினோரு நிமிடம். ஆனால் குழாய் பார்க்க அழகாக இருக்கிறது. பூனை அதன் வாயில்தான் உட்காருகிறது.

அந்த ஆள் வழியில் உள்ள இடங்களையெல்லாம் என் ஜிபிஎஸ்ஸில் ஏற்றியும் கொடுத்தான். இனி இரண்டாவது பேட்டரியும் குளிர்பெட்டியும்தான் பாக்கி. நீ மலையில் ஆட்டுப்பாலாடைக் கட்டியை எப்படிக் கெடாமல் வைத்திருக்கிறாய் என்று நினைத்துப் பார்த்தேன், அதனால்தான் குளிர்பெட்டி.

அவசரப்பட்டுப் பாதி தயாரில் வந்து நடுவழியில் செத்தால் உனக்குத்தானே கெட்ட பெயர்?

ருடெ

போசோ பிளாங்கோ, 22 அக்டோபர்

ருடெ,

இங்கே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. பாலாடைக் கட்டியை ஜன்னலில் வைக்கிறோம். குளிர்பெட்டி வேண்டாம்.

கட்டியது போதும். புறப்படு.

எடெல்மிரா

ஃபியம்பலா, 2 நவம்பர்

என் அன்பு மிரா,

புறப்பட்டேன். திரும்பியும் வந்துவிட்டேன். தயவுசெய்து முழுக்கப் படி.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். அசுன்டா அக்கா கறி அடைத்து ஓரம் மடித்த எம்பனாடா ஒரு டஜன் சுட்டுக் கொடுத்து, "போனா திரும்பி வராதடா, வந்தா அவளோட வா" என்றாள். முதல் மணல்மேட்டிலேயே வண்டி அச்சுவரை புதைந்தது. வின்ச் கயிற்றை இழுத்து, மணலில் நட்ட கம்பத்தில் கட்டினேன். வண்டி அசையவில்லை, கம்பம் வண்டியை நோக்கி வந்தது. பிறகு டயர்க் காற்றைப் பதினைந்து பவுண்டுக்கு இறக்கி, மண்வெட்டியால் தோண்டி, பலகை போட்டு ஏறினேன். அது ஒன்றைத்தான் யாரும் என் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லவில்லை.

மேட்டுவெளியில் வழி சுலபம் என்று நினைத்தேன். ஜிபிஎஸ் இடப்பக்கம் போ என்றது. கண்ணெதிரே வலப்பக்கம் ஒரு கல்மேடு, வழிப்போக்கர்கள் சாமிக்குக் கல் கல்லாக அடுக்கும் அபச்சேட்டா. மனுஷன் நடந்த பாதையில்தானே அபச்சேட்டா இருக்கும்? மிஷினை நம்புவதா, பூமித்தாய் பச்சமாமாவை நம்புவதா? வலப்பக்கம் போனேன். இறங்கினேன், ஒரு கல் வைத்தேன், கோகா இலை வைத்தேன், சிகரெட் பற்றவைத்துக் கல்லிடுக்கில் செருகினேன். ஒயினில் அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். வண்டி ஓட்டுகிறவன் என்பதால் என்னுடையது சின்ன வாய். அடுத்த கல்மேடு தெரிந்தது. அங்கேயும் மரியாதை. அப்படியே ஐந்து.

ஆறாவது கல்மேட்டில் எனக்கு முன்னாலேயே யாரோ ஒரு பக்திமான் வந்து போயிருந்தான். நான் பிடிக்கும் அதே சிகரெட் கல்லிடுக்கில் இருந்தது. சந்தோஷமாக இருந்தது, நம் ஊர்க்காரன் போலிருக்கிறதே என்று. குனிந்து பார்த்தேன். எம்பனாடாவின் மடித்த ஓரம் கிடந்தது. அசுன்டா அக்காவின் மடிப்பு. உலகத்தில் எம்பனாடாவைத் தின்றுவிட்டு ஓரத்தை மட்டும் மிச்சம் வைக்கிறவன் நான் ஒருவன்தான்.

மூன்று மணி நேரமாக வட்டம் அடித்திருக்கிறேன், மிரா. அதில் பாதிக் கல்மேடுகள் கிளப்காரர்கள் போட்டோ பிடிக்க நின்ற இடத்தில் அடுக்கியவையாம். எனக்கு இதைச் சொன்னது எமெதெரியா என்று ஓர் அம்மாள், நாற்பது லாமாவோடு அந்த வழியாக வந்தவள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"எங்கய்யா போறீங்க?"

"போசோ பிளாங்கோ. என் வீட்டுக்காரி அங்க டீச்சர்."

"போறது அவங்க வீட்டுக்குத்தானே? அப்புறம் எதுக்கு உங்க வீட்டையும் தூக்கிட்டு வந்தீங்க?"

அவளிடம் சரியான வழியைக் கேட்டுக்கொண்டேன். டீசல் பாதிக்குக் கீழே போயிருந்தது. திரும்பிவிட்டேன்.

ருடெ

ஃபியம்பலா, 16 நவம்பர்

மிரா,

நீ பதில் போடவில்லை. போன லாரியில் வந்தது தபால் இல்லாத பாஸ்குவால் மட்டும். "டீச்சர் ஒண்ணும் குடுக்கல, அண்ணே. படிச்சிட்டு மடிச்சு வெச்சுட்டாங்க" என்றான். சிரித்தாயா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றான். மற்ற எல்லாவற்றையும் கவனிக்கிற பயல்.

வண்டியைக் கழற்றிவிட்டேன். பரோஸ் கூடாரத்தை அறுத்தான், அழாத குறை. இரும்புத் தடுப்பு, வின்ச், கம்பம், மூச்சுக்குழாய், இரண்டாவது பேட்டரி எல்லாம் கொட்டகையில் கிடக்கின்றன. எடை போட்டுப் பார்த்தால் ஐந்நூறு கிலோவுக்கு மேல். நீதிபதி என்னோடு பேசுவதில்லை. பூனையும்தான். மிஞ்சியது டயரும், பலகையும், மண்வெட்டியும், டீசலும் தண்ணீரும். எமெதெரியா சொன்ன வழியை ரசீது காகிதத்தின் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: காலையில் வெள்ளை மலை இடது தோளில், மதியத்துக்குமேல் முகத்துக்கு நேரே, உப்புத்தரை வந்தால் ஓரமாக, நடுவில் போகாதே.

இன்னொன்று. கடையில் யாரும் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். எனக்குப் பயம் மலையைப் பார்த்து இல்லை. நான் வந்து பார்த்து, அங்கே நீ நன்றாக இருந்தால், அதற்குப் பிறகு உன்னைத் திரும்பி வா என்று எந்த வாயால் கூப்பிடுவேன்? வண்டியில் ஏதாவது ஒன்று பாக்கி இருக்கும்வரை அந்தக் கேள்வி வராது. அதனால் பாக்கி வைத்துக்கொண்டே இருந்தேன்.

26-ம் தேதி சனிக்கிழமை கிளம்புகிறேன். வந்து சேர்ந்தால் பேசுவோம். சேராவிட்டால் வெள்ளை மலையின் தப்பான பக்கத்தில் தேடச் சொல்.

உன் ருடெ

போசோ பிளாங்கோ, 3 டிசம்பர்

அன்புள்ள ருடெ,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். பாஸ்குவால் காத்துக்கொண்டிருக்கிறான், வேகமாக எழுதுகிறேன்.

நீ வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். எட்டு மணியிலிருந்து கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். "டீச்சர், இதுவா அந்த வண்டி? இது சும்மா வண்டிதானே!" என்று ஒருத்தி அழுதே விட்டாள். ஆனால் நீ பதினோரு தலைக்கும் போலீஸ்காரருக்கும் முடிவெட்டிவிட்ட பிறகு உன் பேரில் மரியாதை வந்திருக்கிறது. மூன்று தலையில் பேன் இருந்ததை வெளியே சொல்லாமல் என் காதில் மட்டும் சொன்னாய். உன் வாயில் ஒரு ரகசியம் நின்றதை முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஊர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. என் அறையில் ராத்திரி எங்கிருந்து காற்று வருகிறது என்று கையை வைத்து வைத்துப் பார்த்து, கதவிடுக்கில் துணி அடைத்தாய். செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது, "உனக்கு இங்க சரியாத்தான் இருக்கு, மிரா" என்றாய். அவ்வளவுதான். திரும்பி வா என்று கூப்பிடுவாய் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன், வீணாகிவிட்டது.

புதன்கிழமை படிவத்தை நிரப்பினேன். மூன்று வருடம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு வருடம் என்று எழுதியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், மூன்று வாரம். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை நீ வா. இங்கே முடியும் வளர்கிறது, பேனும் வளர்கிறது. எப்படி வேண்டுமானாலும் வா, வண்டியில் எதையும் கூட்டாதே.

சுவரை யாரையாவது கூப்பிட்டுக் கட்டு. நீயே கட்டாதே.

உன்,
எடெல்மிரா

பி.கு.: உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அக்டோபர் 14 அன்று கடைவாய்ப்பல் பிடுங்க ஃபியம்பலாவுக்கு வந்திருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூட கிரஸீலா டீச்சரின் சின்னக் காரில், சுற்றுப்பாதையில், ஐந்து மணி நேரம். பாதி வழி அவள் தூங்கினாள், நான்தான் ஓட்டினேன். நம் தெரு முனையில் நிறுத்திப் பார்த்தேன். நீ வண்டிக் கூரைமேல் நின்று எதையோ அளந்துகொண்டிருந்தாய். கன்னம் வீங்கியிருந்தது, அதனால் கூப்பிடவில்லை.