கஞ்சி ஆறிப்போன வெள்ளிக்கிழமை

செப்டம்பர் 3, 2025

காலையில் பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கவனம் எங்கே? பதினாறாம் தேதியில். அன்று இவருக்கு இதயத்தில் பைபாஸ்.

டாக்டர் தைரியமாகத்தான் பேசினார். "எழுபது வயசுக்கு நல்லாவே இருக்காரு, மேடம்." அந்த 'எழுபது வயசுக்கு' மட்டும் என் காதிலேயே நின்றுவிட்டது.

இவருக்குச் சிரிப்பு. தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அல்லவா! "பூமிக்குள்ள அவ்ளோ ஆழம் எறங்கி ஏறினவன்டி நான். மயக்க மருந்துல எறங்கி ஏற மாட்டேனா?"

செப்டம்பர் 6

மறுபடியும் தூக்கமில்லை. இவர் மூக்கருகே கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இருக்கேன். போய்ப் படு."

செப்டம்பர் 9

ஜெபிக்காமல் இல்லை. ஆனால் என்ன ஜெபம் அது? டாக்டரின் கை நடுங்கக் கூடாது, மயக்க மருந்து கூடிவிடக் கூடாது, அன்றைக்கு மழை பெய்து லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் வண்டிகள் நிற்கக் கூடாது... இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இது கூடாது, அது கூடாது என்று சொல்வேனே, அதேபோல.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் போன வார ஜெபக்கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள்: "டீச்சர், ஆண்டவருக்கே ஹோம்வொர்க் குடுக்கறீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனா பயமா இருக்கே, என்ன செய்ய? நான் கேக்க மறந்த ஒண்ணாலயே இவருக்கு ஏதாவது ஆயிட்டா?

செப்டம்பர் 12, வெள்ளி

வெட்கமாக இருக்கிறது. நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

சொர்ணம் வீட்டில் உபவாச ஜெபம், இவருக்காக. காலையிலிருந்து பட்டினி, ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி. ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். கடைசியாக நான். முழங்காலிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் கவிழ்த்து, "ஆண்டவரே" என்றேன்.

அவ்வளவுதான் ஞாபகம்.

விழித்தபோது கன்னத்தில் நாற்காலியின் கோடுகள். வீட்டில் சத்தமே இல்லை. சுற்றிலும் எல்லோரும் இன்னும் முழங்காலில்! ஜெபிக்கிறவர் ஆமென் சொல்லாமல் எங்களில் யாரும் எழுந்திருப்பதில்லை.

"ஆமென்" என்றேன் அவசரமாக. அப்புறம் மனசு கேட்கவில்லை. "மன்னிச்சிருங்கம்மா. நான் தூங்கிட்டேன்."

"அட ஆண்டவரே!" என்றாள் சொர்ணம். "டீச்சர் ஜெபத்துல போராடுறாங்கன்னு நாங்க பசியோட முட்டி போட்டுக் கெடக்கறோம். கஞ்சி ஆறியே போச்சு!"

வீடே சிரித்தது. எத்தனை நாளாயிற்று, நான் இப்படிச் சிரித்து!

கஞ்சி ஊற்றும்போது மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க தூங்கினப்பவும் நாங்க அவருக்காகத்தான் கேட்டுட்டு இருந்தோம். நீங்க சொல்லலன்னு ஒண்ணும் நின்னுபோகல, டீச்சர்."

வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்தேன். பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளெல்லாம் பஸ்ஸில் தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் டிரைவரையே பார்த்தபடி விழித்திருப்பேன். என் முழிப்பாலா வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது?

செப்டம்பர் 13

தூங்கினேன். வீட்டில், கட்டிலில்.

செப்டம்பர் 16

மழை. மேம்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. வழியில் வேண்டாம் என்று நான் கேட்டதெல்லாம் வரிசையாக நடந்தது. ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஆபரேஷனுக்கு இவரை உள்ளே கொண்டுபோனார்கள். "ஆண்டவரே, இவர் உம்முடைய கையில் இருக்கிறார்" என்றேன். அதற்குமேல் எதையும் சேர்க்கத் தோன்றவில்லை. சொர்ணத்தின் தோளில் சாய்ந்துகொண்டேன். கதவு இன்னும் திறக்கவில்லை. மனசு மட்டும், மணி அடித்துப் பிள்ளைகள் போன பின் வகுப்பறை இருக்குமே, அப்படி அமைதியாக இருந்தது.

செப்டம்பர் 17

கண் திறந்தார். என்னைப் பார்த்து, "ஏறி வந்துட்டேன்" என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்திலேயே சற்றுக் கண்ணயர்ந்தேன். மூக்கருகே ஏதோ பட்டது. விழித்தால், அவர் கை.

"என்னங்க?"

"இல்ல... ரொம்ப நேரமா அசையவே இல்ல நீ. அதான் பாத்தேன்."

"இருக்கேன். படுங்க" என்று சொல்லித் திரும்பிப் படுத்தேன்.