நீ விழுங்காத மாத்திரை

நீ என்னிடம் பொய் சொன்னாய். விழுங்காத மாத்திரையை விழுங்கியதாகச் சொல்லி, காலி அட்டையை என் கண் முன்னால் ஆட்டிக் காட்டினாய். நானும் நம்பினேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

எனக்கு இப்போது உண்ணிக் காய்ச்சல். பட்டாணிக் காட்டில் களை பிடுங்கும்போது ஏதோ கடித்திருக்கிறது. செண்பகனூர் மருந்துக்கடையில் தந்த உறையைப் பிரித்தால், உனக்குக் கொடுத்த அதே டாக்சிசைக்ளின் மாத்திரை. காய்ச்சலைவிடக் கோபம்தான் அதிகம் சுட்டது.

நாம் ஒரே கப்பலில் வந்தவர்கள். இலங்கைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே மலைச்சரிவில் இரண்டு காட்டுக்கும் ஒரே வரப்பு. பள்ளிக்கூடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வரும் புத்தகங்கள்தான் என் படிப்பு. அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைத் தடவித் தடவிப் படிப்பேன். படித்ததைக் கேட்க உன்னைத் தவிர யாரும் கிடையாது.

போன மார்கழியில், வடக்கே சுரங்கத்தில் லாரி ஓட்டும் உன் மகனைப் பார்த்துவிட்டு மலேரியாவோடு திரும்பினாய். முதல் மருந்து கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து வேறு இரண்டு மருந்து கொடுத்தார்கள்; அதில் ஒன்று டாக்சிசைக்ளின். காய்ச்சல் இறங்கியது. மிச்ச மாத்திரைகளை நாள் தவறாமல் முடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் உன் கட்டிலோரம் உட்கார்ந்து, நான் படித்ததைச் சொன்னேன்.

"அந்தக் கிருமிக்குள்ள ஒரு சின்ன உறுப்பு இருக்கு. ஏபிகோபிளாஸ்ட்னு பேரு."

"பேரைக் கேட்டாலே மறுபடி குளிருதே. வெளங்கச் சொல்லு மாப்ளே."

சொன்னேன். எத்தனையோ காலத்துக்கு முன்னால், இந்தக் கிருமியின் மூதாதை ஒரு பாசியை விழுங்கியது. அது செரிக்காமல் உள்ளேயே தங்கிவிட்டது. வெயிலில் தனக்குத்தானே சமைத்த பாசி, இருட்டில் கிடந்து நிறம் இழந்தது, சமையலும் மறந்தது. ஆனாலும் கிருமி உயிரோடிருக்க வேண்டிய ஒரு சரக்கை இன்றைக்கும் அதுதான் செய்து கொடுக்கிறது. நம் உடம்பில் அப்படி ஓர் உறுப்பு கிடையாது. அதனால் நம்மை விட்டுவிட்டு மருந்தால் அதை அடிக்க முடிகிறது.

நீ படுத்தபடியே சிரித்தாய். "அட, அது நம்ம ஆளுடா! எவனோ முழுங்குனான். செமிக்கவும் இல்ல, துப்பவும் இல்ல. நெறம் போயும் அவனுக்கே சோலி பாத்துக்கிட்டுக் கெடக்கு."

பிறகு முக்கியமானதைச் சொன்னேன். டாக்சிசைக்ளின் அந்த உறுப்பைக் கெடுக்கும். ஆனால் கிருமி உடனே சாகாது. ஒரு தடவை பெருகும். அப்படிப் பிறக்கிற குட்டிகளுக்கு அந்த உறுப்பு வேலை செய்யாது; அவைதான் சாகும். சீக்கிரம் காய்ச்சலை இறக்கியது மற்ற மாத்திரை. வேரை அறுக்க இரண்டும் கடைசி நாள் வரை வேண்டும்.

"வெளங்குச்சு வாத்தியாரே. பாதியில விட்டா மிச்சம் கெடக்குறது திரும்பப் பெருகிரும். அதான?"

அதேதான். மறுநாள் டீக்கடையில் இதையே என்னைவிட நன்றாக நீ சொன்னாய். கடையே வாய் பிளந்து கேட்டது. தெரியாமல் செத்திருந்தால் உன்னை நினைத்து அழுதிருப்பேன். தெரிந்தே செய்தாய்.

காய்ச்சல் விட்டால் பழனிக்கு நடந்து வருவதாக நீ நேர்ந்திருந்தது எனக்குத் தெரியும். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை என்றாலும் குறுக்கே நிற்கவில்லை. மாத்திரை முடியட்டும் என்று மட்டும் சொன்னேன். தினமும் வந்து கேட்டேன். தினமும் அட்டையைக் காட்டினாய். தையில் பூச நடைக்கு உன் பாதயாத்திரைக் குழுவோடு கிளம்பினாய். மலைச்சாலையில் பாதி இறங்குவதற்குள் காய்ச்சல் உன்னைக் கீழே தள்ளியது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்கு நினைவில்லை. அது திரும்பவே இல்லை.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த பிறகு உன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, வீட்டுக்கு வந்த பொறவு அவரு ஒரு மாத்திரகூடத் திங்கலைங்க. சௌசௌ பந்தலுக்கடியில குழி தோண்டிப் போட்டுட்டாரு."

"ஏம்மா?"

"முருகன் காய்ச்சல எறக்கி விட்டுட்டாரு, இனியும் மருந்து தின்னா அவரைச் சந்தேகப்பட்டதா ஆயிரும்னாரு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்று உன் சாமிக்கு அத்தனை மரியாதை. ஒரே சுவரில் காதை வைத்து வளர்ந்த எனக்குக் காலி அட்டை. "திங்க மாட்டேன்டா, போடா" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். டாக்டரைக் கூட்டி வந்திருப்பேன். உன் காலிலும் விழுந்திருப்பேன். அந்தச் சண்டையைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டாய்.

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன். உன் மகன் வடக்கே சுரங்கத்துக்குத் திரும்பியதும் கொசுவலை கட்டிப் படுக்க வேண்டும்; காய்ச்சல் என்றால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். அப்பா எதனால் செத்தார் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியவள் உன் மனைவி. அந்தச் சத்தியம் உன்னோடு முடிந்தது. வீடு வீடாக வரும் நர்சம்மா அட்டையைப் பார்த்துத் திரும்பக் கூடாது, விழுங்குவதைப் பார்க்க வேண்டும். மருந்தில் இருப்பவர்களுக்கு, மருந்து முடியாமல் மாலை போட்டுவிட மாட்டேன் என்று குழுவின் குருசாமி சொல்ல வேண்டும். முருகனுக்கு நான் வேலை எதுவும் வைக்கவில்லை. மாத்திரையைப் புதைக்கச் சொன்னது அவர் இல்லை.

என் வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த நடைக்கு மாலை போடுகிற அன்று அத்தனை பேர் முன்னாலும் நின்று, நீ எப்படிச் செத்தாய் என்று உன் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். "வேணாம்ண்ணே, செத்தவரு மானம் போயிரும்" என்று உன் மனைவி அழுகிறாள்.

சொல்வேன்.