கடலுக்கு ஒரு சிரட்டை

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கிங்ஸ்டனுக்கு அப்பா இஞ்ஞாசி சொந்தக் கையால் எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்கமாட்டேன் என்கின்றன. மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வகுப்பில் எழுதியதெல்லாம் டீச்சர் போர்டில் போட்டதைப் பார்த்து எழுதியது. என் மனதிலிருந்து எடுத்து எழுதும் முதல் கடிதம் இதுதான். காலையில் உட்கார்ந்தேன், இப்போது மணி பதினொன்று. கை வலிக்கிறது, ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை. கடிதம் எவ்வளவு நல்ல சாமான் என்று இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. இதில் நீ குறுக்கே பேச முடியாது.

போனில் மூன்று தடவை சொல்ல வந்தேன். "அப்பா, ஒரு நிமிஷம்" என்று நீ ஆரம்பிப்பாய். அந்த நிமிஷம் முடிவதற்குள் மஸ்கட்டில் உனக்கு டியூட்டி வந்துவிடும். போனை வைத்துவிடுவாய். ஆகவே இப்போது சொல்கிறேன். உன் காரில் ஆயில் கூடுதலாக இருந்ததே, அதை ஊற்றியது சர்வீஸ் செய்த பெண் இல்லை. நான்.

நடந்தது இது. சர்வீஸ் முடிந்து மிச்ச ஆயிலைக் கேனோடு டிக்கியில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஜெயஷீலா சாயர்புரத்தில் பள்ளிக்கூட வேலை முடிந்து வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் மூடியைத் திறந்து ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தேன். கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. உன் மனைவி தினமும் தனியாகப் போய் வருகிற வண்டி. கேனிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை அளந்து ஊற்றினேன்.

ஏன் சிரட்டை என்று கேட்பாய். சரக்குத் தோணியில் நான் என்ஜின் டிரைவராக இருந்த நாற்பது வருஷமும், கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ கிளம்பும் முன்னால், அளவுக்கு மேலே ஒரு சிரட்டை ஆயில் விடுவோம். கடலுக்கு ஒரு சிரட்டை என்று அதற்குப் பெயர். தோணி ஒரு பக்கம் சாயும்போது ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பு காற்றை இழுத்தால் நடுக்கடலில் என்ஜின் இறுகி நின்றுவிடும். அதற்காக. பைபாஸ் ரோட்டில் அலை அடிக்காது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கை ஊற்றிவிட்டது.

உன் வண்டிமேலும் தப்பு உண்டு. பாதி பேட்டரி, பாதி பெட்ரோல், அது என்ன வண்டி? வாசலை விட்டுச் சத்தமில்லாமல் நழுவுகிறது. எங்கேயோ தானாக என்ஜினைப் போட்டுக்கொள்கிறது, தானாக நிறுத்திக்கொள்கிறது. தோணியில் தூங்கும்போதுகூட என்ஜின் சத்தம் ஒரு நூல் மாறினால் எழுந்துவிடுவேன். இதில் எதைக் கேட்டு நான் என்ன தெரிந்துகொள்வது? தெருவுக்குள் சத்தமில்லாமல் வந்தது. என்ஜின் நின்று வெகுநேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். என்ஜின் தெருமுனையில்தான் நின்றிருக்கிறது. மேலே ஏறின ஆயில் கீழே இறங்குமுன் நான் கம்பியை உருவிவிட்டேன். அதனால்தான் குறைவாகக் காட்டியிருக்கிறது.

நீயோ மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறாய். என் பிரஷரை அத்தனை தடவை நீ விசாரித்ததில்லை. இந்தத் தடவை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மூளை இருக்கவன் எவனும் இப்படி ஊத்துவானாப்பா" என்று கத்தினாய். அன்றைக்கு நான் வாய் திறக்காததற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது. நீ இடம் கொடுத்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். நாற்பது வருஷ டிரைவருக்கு வெட்கமாக இருந்தது. ஆயிலைத்தானே திட்டுகிறான், திட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். நீ அந்தப் பெண்மேல் மெயில் போடுவாய், அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜெயஷீலா சொல்லித்தான் தெரிந்தது.

தெரிந்ததும் வண்டியை சர்வீஸ் செய்த பட்டறைக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பாமல், "வாயால சொன்னா செல்லாது அண்ணாச்சி, எழுதிக் குடுங்க" என்றார். என்னைப் பார்த்ததும் எழுதத் தெரியாத ஆள் என்று நினைத்திருப்பார். தாள் கொண்டா என்றேன். ஆறு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. கீழே கைநாட்டு இல்லை, கையெழுத்து. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "வண்டி உங்க மகன் பேர்ல இருக்கு, கம்ப்ளைன்டும் அவர் பேர்ல இருக்கு, அவர் எழுதினாத்தான் வாபஸ் ஆகும்" என்றார். அதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கு என்ன? உள்ளே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன், "இதுக்குத்தான் பொம்பளைய எடுக்காதீயன்னு சொன்னேன்" என்று யாரிடமோ சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் பேனாவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் ஊருக்கே போனேன். அவள் பெயர் சந்தனச்செல்வி, ஸ்ரீவைகுண்டம். பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். அந்த முதல் எழுத்தை வகுப்பில் இன்னும் சொல்லித்தரவில்லை, போர்டில் பார்த்ததை நினைவில் வைத்துத்தான் இங்கே வரைந்திருக்கிறேன். மீதி எழுத்துகளை வைத்துப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவளுடைய அம்மா ஆறுமுகத்தாய்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். "நாத்து நடப் போன்னா கேக்காம ஸ்பானர் புடிக்கப் போனா. இப்ப பாருங்க அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு கெடக்கேன்" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சந்தனச்செல்வி, "நீங்களா ஊத்துனீய? எட்டு நாளா என் கைய நானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன் தாத்தா. அளந்து ஊத்துனேனா, யோசனையில ஊத்துனேனான்னு ராவும் பகலும் அதேதான்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வரும் வழியெல்லாம் அதுவே எனக்குப் பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே நம் வீட்டுக்கு வந்தாள். கம்பி போகிற துளையில் மெல்லிய குழாயை விட்டு, ஊசியில் ரத்தம் எடுக்கிற மாதிரி உறிஞ்சி எடுத்தாள். பத்து நிமிஷ வேலை. என்ஜினைப் போட்டு, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி பார்த்தாள். நுரை இல்லை, கசிவு இல்லை, புகை இல்லை. கோட்டுக்கு மேல் இந்தக் கொஞ்சம் இருந்தால் என்ஜின் கெட்டுப்போகாது என்றாள். ரொம்பக் கூடினால் உள்ளே சுற்றுகிற கிராங் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரை வழவழப்புக் கொடுக்காது என்றாள். இந்த மாதிரி வண்டியில் என்ஜின் விட்டு விட்டு ஓடுவதால் சரியாகச் சூடேறாதாம். பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கி அளவு தானாகவே கூடவும் செய்யுமாம். அதனால் நாம் வேறு கூட்டக் கூடாது என்றாள். "வேலையில இல்லாதவ வண்டியத் தொட்டான்னு அதுக்கும் ஒரு மெயில் போட்டுறப் போறாரு, உங்க மவன்ட்ட சொல்லிறாதீய" என்றாள். சொல்லிவிட்டேன். உன் அம்மா அவளுக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, "கடல்ல ஊத்துனது பத்தாதுன்னு கார்லயும் ஊத்துனாராக்கும்" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

மாதக் கடைசியில் மதுரையிலிருந்து மேலதிகாரி வருகிறார். உன் மெயில் அப்படியே இருந்தால் அவளுக்கு வேலை போய்விடும். மேனேஜரே சொன்னார். உன் மெயிலை ஜெயஷீலாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 'வேலை தெரியாதவர்' என்று எழுதியிருக்கிறாய். ஏலே, அது நான். அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு. இஞ்ஞாசி, தோணி டிரைவர், நாற்பது வருஷ சர்வீஸ் என்று முழுசாகவே போடு. அவளுக்கும் தனியாக ஒரு வரி எழுது. போன் பண்ணாதே. போனில் உனக்கு நிதானம் கிடையாது.

ஜெயஷீலா இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புவாள். தாளையும் தபாலில் போடுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். பனிமய மாதா உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தைக் கொஞ்சம் குறை, அது என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது.

நீ எழுதிவிட்டாய் என்று மேனேஜர் வாயால் கேட்கும்வரை நான் விடப்போவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இதையே மறுபடி எழுதி அனுப்புவேன், இதைவிட நீளமாக.

உன் அப்பா,
ம. இஞ்ஞாசி